அப்டேட்டுக்குப் பிறகு சர்வரில் உள்நுழைய முடியாவிட்டால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

அப்டேட் முடிந்த மறுநாள் காலையில், நேற்றுவரை ஏற்ற கடவுச்சொல்லைச் சர்வர் ஏற்க மறுத்தால், கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடாதீர்கள். அப்டேட் எவருடைய கடவுச்சொல்லையும் அழிப்பதில்லை. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் மென்பொருளையும், சரிபார்த்த முடிவை நினைவில் வைக்கும் இடத்தையும், இவற்றுக்கு அனுமதி தரும் அமைப்புக் கோப்புகளையுமே அது மாற்றுகிறது. அவசரத்தில் கடவுச்சொல்லைப் புதிதாக வைத்தால், அந்த ஒருவருக்கு மட்டும் வழி திறந்து மற்ற எல்லோருக்கும் மூடியே கிடக்கும் நிலை வரலாம். எங்கே பிழைத்தது என்று காட்டும் தடயமும், சர்வரில் நடப்பதைப் பதியும் லொக் கோப்பில் புதிய பதிவுகளுக்கு அடியில் போய்விடும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் பாடசாலைப் புள்ளிப் பதிவு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, கொழுந்து நிறுவைப் பதிவு போன்ற சிறிய இணையத்தளங்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சர்வரில் உபுண்டு அல்லது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் இருப்பதாகக் கொள்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழமையான ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

முதலில் கேட்க வேண்டியது

"உள்ளே போக முடியவில்லை" என்ற ஒரே முறைப்பாட்டுக்குப் பின்னால் முற்றிலும் வெவ்வேறான பல பிழைகள் இருக்கலாம். ஆகவே அழைத்தவரிடம், திரையில் தெரிவதை எழுத்துக்கு எழுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "அண்ணே, பேரும் பாஸ்வேர்டும் அடிச்சா திரும்பத் திரும்ப அதே பக்கந்தான் வருதுங்க, பிழைன்னு ஒண்ணுமே காட்டல" என்று சங்கத்தின் எழுதுவினைஞர் சொன்னால், பாதி விடை கிடைத்துவிட்டது. பெரும்பாலும் கடவுச்சொல் ஏற்கப்பட்டிருக்கிறது. ஏற்றதைச் சர்வர் அடுத்த பக்கம் வருவதற்குள் மறந்திருக்கிறது. அது செஷன் (உள்நுழைந்தவரைப் பற்றிச் சர்வர் வைத்திருக்கும் குறிப்பு) அல்லது குக்கி (அதற்கான அடையாளமாக உலாவி வைத்திருக்கும் சிறு தரவு) தொடர்பான பிழை. "கடவுச்சொல் தவறு" என்று இணையத்தளமே சொன்னால், ஒப்பிடும் நிரலையும் தரவுத்தளத்தையும் பார்க்க வேண்டும். 502 என்ற எண் வந்தால், இணைய சர்வர் ஓடுகிறது, அதன் பின்னால் இணையத்தள நிரலை ஓட்டும் பிஎச்பி பதிலளிக்கவில்லை. 500 என்றோ வெறும் வெள்ளைப் பக்கமாகவோ வந்தால், நிரல் நடுவழியில் நின்றிருக்கிறது. பக்கமே திறக்காமல் சுழன்றுகொண்டிருந்தால், தீச்சுவர் அந்த அலுவலகத்தின் முகவரியையே தடுத்திருக்கக்கூடும்.

இரண்டாவது கேள்வி: எல்லோருக்கும் முடியவில்லையா, சிலருக்கு மட்டுமா? இதைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவது வீண். எல்லோருக்கும் முடியவில்லை என்றால் பிழை சர்வரின் அமைப்பில் இருக்கும். சிலருக்கு மட்டும் என்றால், அந்தச் சிலரின் பெயரிலோ கடவுச்சொல்லிலோ மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும்.

கைவைக்கும் முன்

சர்வருக்குள் ஏற்கெனவே திறந்திருக்கும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) இணைப்பு எதையும் மூடாதீர்கள். புதிய இணைப்புகள் மறுக்கப்பட்டாலும் பழைய இணைப்பு பெரும்பாலும் தொடர்ந்து வேலை செய்யும். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டிய தேவையை அது தவிர்க்கும். வாடகைச் சர்வராக இருந்தால், அதை வழங்கும் நிறுவனத்தின் பக்கத்தில் கொன்சோல் என்றொரு வசதி இருக்கும். எஸ்எஸ்எச் இல்லாமலும் அதன் வழியாக உள்ளே போகலாம்.

அடுத்து, அப்டேட் எதைத் தொட்டது என்று பாருங்கள். வார் கோப்புறைக்குள் லொக், அதற்குள் ஏபிடி, அங்கே ஹிஸ்டரி.லொக் என்ற கோப்பு இருக்கும். எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பொதி (நிறுவப்படும் மென்பொருள் தொகுப்பு) எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது என்பது அதில் வரிசையாக இருக்கும். நீங்கள் அப்டேட் எதையும் செய்யவில்லை என்று உறுதியாக நம்பினாலும் இதைப் பாருங்கள். உபுண்டு தானாகவே பாதுகாப்பு அப்டேட்களை நிறுவும், அதற்கான நேரம் வழமையாகக் காலை 6 மணியிலிருந்து 7 மணிக்குள் அமையும். பட்டியலில் ஓபன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச் சேவை), பாம் (சர்வரின் உள்நுழைவைச் சரிபார்க்கும் அமைப்பு), பிஎச்பி, மைஎஸ்கியூஎல் (தரவுத்தளம்) என்ற பெயர்களில் எது இருக்கிறதோ, அங்கிருந்து தேடுங்கள்.

அப்டேட் நடுவில் மின்சாரம் போயிருந்தால் கதை வேறு. இடிமழைக் காலத்தில் எங்கள் பக்கம் மின்தடை முன்னறிவித்து வருவதில்லை. யூபிஎஸ் இருந்தாலும் அதன் மின்கலம் பழையதாக இருந்தால் அப்டேட் முடியும்வரை தாக்குப்பிடிக்காது. பாதியில் நின்ற பொதிகளை டிபிகேஜி கட்டளைக்கு ஓடிட் என்ற தெரிவைக் கொடுத்துப் பட்டியலிடலாம். பட்டியலில் ஏதாவது வந்தால், அதே கட்டளைக்குக் கொன்ஃபிகர் என்ற தெரிவையும் சிறிய ஏ எழுத்துத் தெரிவையும் சேர்த்துக் கொடுத்து எஞ்சியதை முடித்துவிட்டு, பிறகு மீண்டும் உள்நுழைந்து பாருங்கள். பாதியில் நின்ற ஒரு பாம் பொதி மட்டுமே முழுக் கோளாறுக்கும் காரணமாக இருந்துவிடலாம்.

வட்டில் இடம் இருக்கிறதா என்றும் டிஎஃப் கட்டளையால் பாருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் தரவிறக்கிய பொதிகளும் பழைய கேர்னல்களும் (இயங்குதளத்தின் மையப் பகுதிகள்) சேர்ந்து சிறிய வட்டை நிரப்பிவிடும். நூறு சதவீதம் நிரம்பிய வட்டில் செஷன் கோப்பை எழுத இடமில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்நுழைவு நிலைக்காது. ஏபிடி கட்டளைக்குக் கிளீன் என்பதையும் ஓட்டோரிமூவ் என்பதையும் கொடுத்தால் பெரும்பாலும் போதிய இடம் கிடைக்கும்.

சர்வருக்குள்ளேயே நுழைய முடியாதபோது

எஸ்எஸ்எச் மறுக்கும்போது காரணத்தை உங்கள் கணினியின் திரையில் தேடாதீர்கள். அங்கே "அனுமதி மறுக்கப்பட்டது" என்பதற்கு மேல் எதுவும் வராது. உண்மையான காரணம் சர்வரின் ஆத்.லொக் கோப்பில் இருக்கும். டெபியன் 12 புதிதாக நிறுவப்பட்ட இயந்திரத்தில் அந்தக் கோப்பே இருக்காது. அங்கே ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு எஸ்எஸ்எச் சேவையின் பெயரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நான் அதிகம் கண்ட காரணம், எஸ்எஸ்எச் வழியாக இணையப் பயன்படும் புட்டி மென்பொருளின் பழைய பதிப்பு. 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 பதிப்பு, ஷா-1 என்ற பழைய முறையில் இடப்படும் ஆர்எஸ்ஏ வகைச் சாவியின் கையொப்பத்தை ஏற்பதை நிறுத்திவிட்டது. உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு மாறியவுடன், பல வருடங்களாகக் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படுத்திய சாவிக்கோப்பை "சர்வர் மறுத்துவிட்டது" என்று பழைய புட்டி சொல்வது இதனால்தான். சாவி கெட்டுப்போகவில்லை, புட்டியை 0.75 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புக்கு மாற்றினால் அதே சாவி வேலை செய்யும். எட்25519 என்ற வேறு வகைச் சாவியைப் புதிதாக உருவாக்கிக்கொள்வது இன்னும் நல்லது. சர்வரின் அமைப்பில் பழைய முறையை மீண்டும் அனுமதிக்கும் ஒரு வரி உண்டு. அதை அந்த ஒரு நாள் உள்ளே போவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி இல்லாமல் கடவுச்சொல்லால் நுழைபவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக் என்ற முதன்மைக் கோப்பில் கடவுச்சொல் அனுமதியை "ஆம்" என்று எழுதியிருப்பீர்கள், சர்வரோ மறுக்கும். முதன்மைக் கோப்பின் மேற்பகுதியிலேயே, எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக்.டி என்ற துணைக் கோப்புறையில் உள்ளவற்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஒரு வரி இருக்கிறது. ஓர் அமைப்புக்கு முதலில் கிடைக்கும் மதிப்பையே எஸ்எஸ்எச் எடுத்துக்கொள்ளும். ஆகவே வாடகைச் சர்வர்களில், சர்வரை முதன்முறை அமைக்கும் கிளவுட்-இனிட் மென்பொருள் அந்தத் துணைக் கோப்புறையில் "இல்லை" என்று எழுதி வைத்திருந்தால், கீழே நீங்கள் எழுதியது கணக்கில் வராது. எல்லாக் கோப்புகளையும் படித்தபின் சர்வர் எதை ஏற்றிருக்கிறது என்பதை, எஸ்எஸ்எச்டி கட்டளைக்குப் பெரிய டி எழுத்துத் தெரிவைக் கொடுத்து நேரே பார்க்கலாம். சிறிய டி கொடுத்தால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். மறுதொடக்கம் செய்யும் முன் சிறிய டி சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

உபுண்டு 24.04இல் எஸ்எஸ்எச் சேவை சொக்கெட் வழியாக, அதாவது இணைப்புக் கோரிக்கை வரும்போது, எழுப்பப்படுகிறது. 22 அல்லாத வேறு போர்ட்டை (இணைப்பு வாயில் எண்ணை) வைத்திருந்தவர்கள், எண்ணை மாற்றியபின் சிஸ்டம்சிடிஎல்லுக்கு டீமன்-ரீலோட் கொடுத்து எஸ்எஸ்எச் சொக்கெட்டை மறுதொடக்கம் செய்ய வேண்டும். சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் புதிய எண் நடைமுறைக்கு வராமல் போகலாம்.

கொன்சோலில்கூட எவரும் நுழைய முடியாவிட்டால், பாம் அமைப்பைச் சந்தேகியுங்கள். தவறான முயற்சிகளை எண்ணும் பாம்_டாலி2 என்ற கூறு, லினக்ஸ்-பாம் 1.5 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. கொமன்-ஆத் கோப்பில் அதன் பெயர் இன்னும் இருந்தால், இல்லாத கூறைத் தேடித் தோற்று எல்லோரையும் பாம் மறுக்கும். மீட்பு முறையில் இயந்திரத்தைத் தொடங்கி அந்த வரியை நீக்குங்கள். அந்த வேலைக்கு இப்போது பாம்_ஃபெயில்லொக் இருக்கிறது.

இணையத்தளம் மட்டும் மறுக்கும்போது

உபுண்டு 22.04இல் பிஎச்பி 8.1 இருந்தது; 24.04இல் 8.3 இருக்கிறது. டெபியன் 11இல் 7.4, டெபியன் 12இல் 8.2. பழைய பதிப்பின் பிஎச்பி.இனி கோப்பில் நீங்கள் செய்த எந்த மாற்றமும் புதிய பதிப்பின் கோப்புக்குத் தானாக வராது, ஏனெனில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஈடிசி கோப்புறையில் தனி இடம் உண்டு. செஷனை எங்கே சேமிப்பது, குக்கி எத்தனை நேரம் வாழ்வது, நேர வலயம் எது என்ற எல்லாம் புதிய கோப்பில் ஆரம்ப நிலையில் இருக்கும். இரண்டு கோப்புகளையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டு, உங்கள் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் புதியதில் எழுதுங்கள். பழைய கோப்பை அப்படியே மேலே பிரதிசெய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. நீக்கப்பட்ட அமைப்புகளும் அதனுடன் வந்துசேரும்.

502 வந்தால், என்ஜின்எக்ஸ் (இணைய சர்வர் மென்பொருள்) இன்னும் பிஎச்பி 8.1ஐ அடைவதற்கான சொக்கெட் கோப்பைத் தேடுகிறதா என்று தள அமைப்புக் கோப்பில் பாருங்கள். பெயரில் உள்ள எண்ணை 8.3 ஆக்கினால் தீர்ந்துவிடும். இன்னோர் இணைய சர்வர் மென்பொருளான அப்பாச்சியில், பழைய பிஎச்பி கூறை முடக்கிப் புதியதை இயக்காவிட்டால், நிரலின் மூலவரிகளே உலாவியில் தெரியக்கூடும். அப்படி ஒரு காட்சியைக் கண்டால் முதலில் அப்பாச்சியை நிறுத்துங்கள்; தரவுத்தளக் கடவுச்சொல்லும் அதேபோல வெளியே தெரிந்திருக்கக்கூடும் என்று கொண்டு, அதை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள்.

உள்நுழைவுப் பக்கமே திரும்பத் திரும்ப வருவதற்கு மீண்டும் வருவோம். உலாவியில் எஃப்12 அழுத்தி, நெட்வேர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்நுழையுங்கள். கடவுச்சொல்லை அனுப்பிய கோரிக்கைக்குப் பதிலாகச் சர்வர் செஷன் குக்கியை அனுப்புகிறதா, அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது உலாவி அதைத் திருப்பி அனுப்புகிறதா என்ற இரண்டையும் பாருங்கள். உலாவி அதைத் திருப்பி அனுப்பவில்லை என்றால், பாதுகாப்பான இணைப்புக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட குக்கியைச் சாதாரண எச்டிடிபி முகவரியில் பயன்படுத்துகிறீர்களா என்று பார்க்க வேண்டும். சரியாகத் திருப்பி அனுப்புகிறது, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால், செஷன் கோப்பு எழுதப்படவில்லை. டெபியன் குடும்பத்தில் அவை வார், லிப், பிஎச்பி, செஷன்ஸ் என்ற வழியில் உள்ள கோப்புறையில் இருக்கும். அதன் உரிமையாளர் ரூட், அனுமதி எண் 1733. யாராவது அதை 755 ஆக மாற்றியிருந்தால், கோப்பு எழுத முடியாது. செஷனை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தில் வைப்பவர்கள், புதிய பதிப்புக்கான ரெடிஸ் நீட்சி (பிஎச்பியுடன் சேர்க்கும் கூறு) நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளைப் பக்கம் வந்தால் அப்பாச்சியின் அல்லது பிஎச்பியின் எரர்.லொக் கோப்பைத் திறந்து கடைசி வரிகளை வாசியுங்கள். யாரோ முன்பு எழுதிக்கொடுத்துவிட்டு வெளிநாடு போன நிரல்களில், கெட்_மேஜிக்_கோட்ஸ்_ஜிபிசி, ஈச், கிரியேட்_ஃபங்ஷன் என்ற பெயர்கள் அடிக்கடி வரும். மூன்றும் பிஎச்பி 8.0இல் நீக்கப்பட்டவை. மைஎஸ்கியூஎல்ஐ நீட்சியும் 8.1இலிருந்து தரவுத்தளப் பிழைகளை விதிவிலக்காக எறிகிறது. முன்பு எவருக்கும் தெரியாமல் கடந்துபோன தவறான வினவல் ஒன்று இப்போது முழுப் பக்கத்தையும் நிறுத்திவிடும். நிரலைத் திருத்தித்தான் ஆக வேண்டும். பழைய பிஎச்பியைத் திரும்பக் கொண்டுவருவது தற்காலிக வழியாக இருக்கலாமே தவிர, பாதுகாப்புத் திருத்தம் வராத பதிப்பில் பிள்ளைகளின் புள்ளிகளையும் தொழிலாளரின் சம்பளக் கணக்கையும் வைத்திருப்பது சரியல்ல.

சிலருக்கு மட்டும் முடியாதபோது

இதுவே கண்டுபிடிக்கக் கடினமான வகை. பிஎச்பி 8.1 பதிப்பில், சிறப்புக் குறிகளை வேறு எழுத்துகளாக மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற செயலி, ஒற்றை மேற்கோள் குறியையும் மாற்றத் தொடங்கியது; முன்பு ஆரம்ப நிலையில் இரட்டைக் குறியை மட்டும் மாற்றியது. கடவுச்சொல்லை இந்தச் செயலியின் வழியாக அனுப்பிய பிறகு ஒப்பிடும் பழைய நிரலில், கடவுச்சொல்லில் ஒற்றை மேற்கோள் குறி வைத்திருப்பவர்கள் மட்டும் தோற்பார்கள். கடவுச்சொல்லை எதனாலும் மாற்றாமல் வந்தபடியே ஒப்பிடுவதே சரி. ஆனால் ஏற்கெனவே மாற்றிச் சேமித்த கணக்குகளுக்காக, சிலகாலம் இரண்டு வடிவத்தையும் சோதித்து, பழைய வடிவத்தில் பொருந்தியவர்களுக்குப் புதிதாகச் சேமித்துவிடுங்கள்.

பயனர்பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களிடம் இன்னொன்று உண்டு. "கொட்டகலை" என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக்கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நிரலுக்கு வேறு. விசைப்பலகை மென்பொருள் மாறினால், பதிவுசெய்த வடிவமும் இப்போது தட்டச்சும் வடிவமும் பொருந்தாமல் போகும். பிஎச்பியின் இன்டில் நீட்சியில் உள்ள நோர்மலைசர் இரண்டையும் ஒரே வடிவமாக்கும். அந்த நீட்சி புதிய பதிப்புக்கு நிறுவப்படாமல் விடுபடுவதும் உண்டு. அப்போது தமிழ்ப் பெயர் வைத்தவர் மட்டுமன்றி எல்லோருமே நிற்க வேண்டிவரும். பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், தரவுத்தள இணைப்பின் எழுத்துத்தொகுதி யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

தரவுத்தளம்

மைஎஸ்கியூஎல் 8.0 புதிய பயனர்களுக்குக் கேஷிங்_ஷா2_பாஸ்வேர்ட் முறையைக் கொண்டுவந்தது. 2024இல் வந்த 8.4இல் பழைய மைஎஸ்கியூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்ட் முறை ஆரம்ப நிலையில் முடக்கப்பட்டது, 9.0இல் நீக்கப்பட்டது. அந்தக் கூறு ஏற்றப்படவில்லை என்று 1524 எண்ணுடன் பிழை வந்தால், இணையத்தளம் பயன்படுத்தும் தரவுத்தளப் பயனரை ஓல்டர் யூசர் கட்டளையால் புதிய முறைக்கு மாற்றுங்கள். பிஎச்பி 7.4இலிருந்து அதற்கு ஆதரவு இருப்பதால் நிரலில் எதையும் தொட வேண்டியதில்லை.

நேரமும் தடையும்

கைத்தொலைபேசிச் செயலியில் வரும் ஆறு இலக்க எண்ணைச் சர்வர் மறுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. சர்வரின் நேரம் சில நிமிடம் விலகினாலே பொருந்தாது. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால், நீண்ட மின்தடைக்குப் பின் இயந்திரம் தவறான திகதியுடன் எழும். ராஸ்பெரி பை 4 வரையான பலகைகளில் அப்படி ஒரு கடிகாரமே இல்லை, வலையமைப்பிலிருந்துதான் நேரம் பெறும். டைம்டேட்சிடிஎல் கட்டளை நேரம் ஒத்திசைந்திருக்கிறதா என்று காட்டும். வலயம் +5:30 இல்லாமல் பொதுநேரத்தில் இருப்பது மட்டும் இந்த எண்ணைப் பாதிக்காது. ஆனால் உள்ளூர் நேரத்தைக் கையால் கூட்டி எழுதிய நிரல்களில் செஷன் உடனே காலாவதியாகிவிடலாம்.

ஃபெயில்2பான் நிறுவியிருந்தால், ஆரம்ப அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறான முயற்சிகள் நடந்த முகவரியை அது 10 நிமிடம் தடுக்கும். ஓர் அலுவலகத்தின் பத்துக் கணினிகளும் ஒரே ரௌட்டர் வழியாகப் போவதால், எல்லோரும் பதற்றத்தில் முயலும்போது முழு அலுவலகமும் தடைபடும். ஆகவே பிழையைத் தேடும் நேரத்தில் மற்றவர்களை முயலவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரிசெய்த பிறகு

உங்கள் உலாவியில் பழைய குக்கி இருக்கும் என்பதால், தனிப்பட்ட சாளரத்தில் சோதியுங்கள். ஒரு நிர்வாகி, ஒரு சாதாரணப் பயனர், தமிழ்ப் பெயருள்ள ஒருவர் என மூவரையாவது உள்நுழையச் செய்யுங்கள். அவர்களில் ஒருவர் கைத்தொலைபேசித் தரவு வழியாக வரட்டும். பிறகு பகல் நேரத்தில், கொன்சோல் கைவசம் இருக்கும்போதே, இயந்திரத்தை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். இப்போது ஓடுவது அடுத்த மின்தடைக்குப் பின்னும் ஓடுமா என்பதை அது காட்டிவிடும். ஈடிசி கோப்புறையில் டிபிகேஜி-டிஸ்ட் என்று முடியும் கோப்புகளைத் தேடிப் பாருங்கள்: அப்டேட்டின்போது "பழைய அமைப்பையே வைத்துக்கொள்" என்று தெரிவுசெய்த இடங்கள் அவை, அவற்றிலுள்ள புதிய வரிகளை இப்போதே ஒப்பிட்டுச் சேர்த்தால் அடுத்த பதிப்பில் சிக்கல் குறையும். தேடும்போது தற்காலிகமாகத் திறந்தவற்றை, அதாவது திரையில் பிழை காட்டும் பிஎச்பி அமைப்பையும் ஷா-1 சாவிக்கான அனுமதியையும், பழைய நிலைக்குத் திருப்பி, என்ன மாற்றினீர்கள் என்பதை அந்தச் சர்வருக்கான குறிப்புக் கோப்பில் திகதியுடன் எழுதிவையுங்கள்.